பதினோரு மணிக் காபியும் பாதியில் அறுந்த வைஃபையும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"சித்தப்பா, மறுபடியும் போயிடுச்சு!"

காலை பதினொன்று அடித்தால் எங்கள் வீட்டில் இந்தக் குரல் கேட்கும். அண்ணன் மகளுக்கு ஐடி வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. சமையலறையை ஒட்டிய சின்ன அறைதான் அவளுடைய ஆபீஸ். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் முகங்கள் உறையும், குரல் இழுபடும், ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடும். இணைப்பு கொடுத்தவருக்கு நான்கு முறை போன் போட்டோம். அவர் வந்து பார்க்கும்போதெல்லாம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிளானை உயர்த்தினோம். ரவுட்டரை மாற்றினோம். பதினோரு மணி மட்டும் மாறவில்லை.

காரணம் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தத் தொல்லை நீடித்த மூன்று மாதத்தில் வீட்டிலும் தெருவிலும் எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகளை முதலில் பார்த்துவிடுவோம். எல்லாமே நல்ல மனதோடு சொல்லப்பட்டவை. பாதிக்கு மேல் தப்பு.

நம்பிக்கை 1: வைஃபை அறுந்தால் நெட் போய்விட்டது என்று அர்த்தம்.

உண்மை: இரண்டும் வேறு வேறு. தெருக் குழாயிலிருந்து வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் வருவது ஒரு பாதை. தொட்டியிலிருந்து குளியலறைக் குழாய்க்கு வருவது இன்னொரு பாதை. தெருவிலிருந்து ரவுட்டர் வரை வருவதுதான் நெட். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்குக் காற்றில் வருவது வைஃபை. வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டதற்குக் குடிநீர் வாரியத்தைத் திட்டிப் பயனில்லை.

அடைப்பு எந்தப் பாதையில் என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் 192.168.1.1 போல ஓர் எண் வரும். அதுதான் ரவுட்டரின் முகவரி. இப்போது இரண்டு கமாண்ட் பிராம்ப்ட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் அந்த முகவரிக்கும் மற்றதில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் 'பிங்' கட்டளையை ஓடவிடுங்கள். கடைசியில் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் 'டி' எழுத்தும் சேர்த்தால், நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

அறுபடும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள்ளே: வைஃபை, லேப்டாப் அல்லது ரவுட்டர். ரவுட்டருக்குப் போவது சீராக ஓடி, 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு வெளியே. இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். இரண்டும் ஓடுகின்றன, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்றால், பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படலாம்.

நம்பிக்கை 2: சிக்னல் ஃபுல்லாக இருக்கிறது, அதனால் வைஃபையில் குறை இல்லை.

உண்மை: திரையின் மூலையில் இருக்கும் அந்த வளைவுகள் ரவுட்டரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்லும். சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் என்பதைச் சொல்லாது. திருவிழாக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்திப் பேசினாலும், மேலே குழாய் ஸ்பீக்கர் அலறினால் ஒரு வார்த்தையும் புரியாது. குரல் ஃபுல்தான், பேச்சுதான் இல்லை.

இன்னொரு விஷயம். வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் சொல்வது லேப்டாப்புக்குக் கேட்டால் போதாது; லேப்டாப் சொல்வது ரவுட்டருக்கும் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தின் நிலையை வளைவுகள் காட்டுவதே இல்லை.

சரியான அளவு வேண்டுமென்றால், வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி டெசிபல் கணக்கைப் பாருங்கள். மைனஸ் 50 மிக நல்லது. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குப் பயமில்லை. மைனஸ் 80ஐத் தொட்டால் அந்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. 3 டெசிபல் குறைந்தாலே சிக்னலின் திறன் பாதியாகிவிடும். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

நம்பிக்கை 3: போனில் நன்றாக வருகிறது. அப்படியானால் லேப்டாப்தான் கெட்டுவிட்டது.

உண்மை: பல போன்கள் வைஃபை மோசமானால் சத்தம் போடாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். படம் நிற்காமல் ஓடுவதைப் பார்த்து நாம் வைஃபையைப் பாராட்டிக்கொண்டிருப்போம். முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். பிறகு லேப்டாப் இருக்கும் அதே மேஜையில் போனை வைத்துப் பாருங்கள். ஹாலில் ரவுட்டருக்கு அடியில் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டு, உள்ளறை லேப்டாப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

நம்பிக்கை 4: பெரிய பிளான் போட்டால் எல்லாம் சரியாகும்.

உண்மை: நாங்களும் போட்டோம். ஒரு வீடியோ அழைப்புக்கு 4 எம்பிபிஎஸ் தாராளம். 100 எம்பிபிஎஸ் பிளானில் அழைப்பு அறுபட்டால், குறை வேகத்தில் இல்லை. தொட்டிக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வந்தாலும் அடைத்த குழாய் அடைத்த குழாய்தான்.

பழைய லேப்டாப் என்றால் இன்னும் மோசம். ஒரே ஆன்டெனா வைத்த 'என்' வகை வைஃபை கார்டு, 2.4 கிகாஹெர்ட்ஸில் வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், காகிதக் கணக்கிலேயே 72 எம்பிபிஎஸைத் தாண்டாது. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த லேப்டாப்புக்கு 300 எம்பிபிஎஸ் பிளான் போடுவது, மாட்டு வண்டிக்காக எட்டு வழிச்சாலை போடுவது போல.

நம்பிக்கை 5: ரவுட்டரை எங்கே வைத்தால் என்ன, அலைதான் எல்லா இடத்துக்கும் போகுமே.

உண்மை: நம் வீடுகளில் ரவுட்டருக்குக் கிடைக்கும் இடங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டிவிக்குப் பின்னால், பீரோவின் தலையில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, ஓயர் உள்ளே நுழைந்த அதே மூலையில். இரும்பு பீரோ அலையைத் திருப்பி அடிக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் பெரும் பங்கை விழுங்கும். ஆளுயரக் கண்ணாடியும் மீன் தொட்டியும் தங்கள் பங்குக்குத் தடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் தகவல் வேகமாக வரும், ஆனால் சுவரைத் தாண்டுவதில் அந்த அலை 2.4 கிகாஹெர்ட்ஸை விடப் பலவீனமானது.

ரவுட்டரின் குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை பந்து போலப் பரவாது. உளுந்து வடை போலப் பரவும். குச்சி வடையின் ஓட்டைக்குள் நிற்கிறது. பக்கவாட்டில் அலை நன்றாகப் போகும். குச்சியின் நுனிக்கு நேர் மேலே குறைவு. ரவுட்டருக்கு நேர் மேலே மாடியில் லேப்டாப் இருந்தால், ஒரு குச்சியை நிமிர்த்தி, இன்னொன்றைப் படுக்க வையுங்கள். வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் ரவுட்டரை வைத்தாலே பாதிப் புகார் தீரும்.

ரிப்பீட்டர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிக்னல் வராத அறையில் அதை மாட்டினால், வராத சிக்னலைத்தான் அது திருப்பிச் சொல்லும். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் மாட்டுங்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுக்கும் மலிவு ரகமாக இருந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். முடிந்தால் ஒரு லான் ஓயர் இழுத்துவிடுங்கள். அதை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை.

நம்பிக்கை 6: அடுக்குமாடியில் யாரும் பயன்படுத்தாத சேனலுக்கு மாறினால் போதும், 3, 4 என்று ஏதாவது ஒன்று.

உண்மை: கேட்க நியாயமாக இருக்கும், பலன் நேர் எதிர். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு வைஃபைக்குத் தேவையோ 20 மெகாஹெர்ட்ஸ். அதனால் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மட்டுமே. பக்கத்து வீட்டு ரவுட்டரும் உங்கள் ரவுட்டரும் ஒரே சேனலில் இருந்தால், ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்கும். பேசி முடிக்கும்வரை காத்திருந்து முறை வைத்துப் பேசும். வேகம் குறையலாம், பேச்சு குழம்பாது. நீங்கள் 3இல் போய் உட்கார்ந்தால் 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் நீங்கள் வெறும் இரைச்சல். அவர்கள் உங்களுக்கு இரைச்சல். மூன்று சேனல்களில் கூட்டம் குறைந்ததை எடுங்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள்.

நம்பிக்கை 7: சமையலறைக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

உண்மை: இங்கேதான் எங்கள் பதினோரு மணி இருக்கிறது. ஒரு நாள் இரண்டு பிங்குகளையும் ஓடவிட்டு அண்ணன் மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ரவுட்டர் பிங்கில் 3, 2, 4 மில்லிசெகண்ட் என்று வரிகள் சீராக இறங்கிக்கொண்டிருந்தன. பதினொன்று நாலுக்கு 480 வந்தது. பிறகு வரிசையாக 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. "பாருங்க சித்தப்பா, பாருங்க!" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் 'டிங்' என்று ஒரு மணி. அடுத்த வரி: 3 மில்லிசெகண்ட். அம்மா பீங்கான் கப்போடு வந்தார். "காபி ஆறிப்போச்சுடா, சுட வச்சேன்."

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில். வைஃபை பயன்படுத்தும் அதே தெரு. கதவு மூடியிருந்தாலும் இம்மியளவு கசியும். அது உடம்புக்குப் பொருட்டில்லை, ஆனால் பல நூறு வாட் அடுப்பின் அந்தக் கசிவே, ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு திறனில் பேசும் வைஃபைக்கு இடி முழக்கம்.

இதில் ஏமாந்தது நாங்கள் மட்டுமில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது விசித்திரமான சிக்னல்கள் பதிவாகிக்கொண்டிருந்தன. காரணம் பிடிபட்டது 2015இல்: அடுப்பு நிற்கும் முன்பே யாரோ பொறுமையில்லாமல் மைக்ரோவேவ் கதவைத் திறந்ததுதான். 64 மீட்டர் தட்டு வைத்த வானியலாளர்களுக்கே அந்தக் கதி.

தீர்வு எளிது: லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்ததால், லேப்டாப் இத்தனை நாளும் 2.4ஐயே பிடித்துத் தொங்கியிருந்தது. தனித்தனிப் பெயர் கொடுத்தோம். பெயரின் வாலில் வரும் '5ஜி' என்பது 5 கிகாஹெர்ட்ஸ்தான். செல்போன் 5ஜிக்கும் அதற்கும் உறவில்லை.

அடுப்பு மட்டுமே குற்றவாளி என்றும் எண்ண வேண்டாம். யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் அதன் ஓயரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழுப்பும். டிஸ்க்கைச் செருகினால் மட்டும் வைஃபை படுத்துகிறதா? அதை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

நம்பிக்கை 8: அணைத்துப் போட்டால் சரியாகிறது. அவ்வளவுதானே.

உண்மை: சரியாவது நிஜம். ரவுட்டரின் நினைவகம் காலியாகும், சூடு தணியும், கூட்டம் குறைந்த சேனலை அது புதிதாகத் தேடும். ஆனால் தினமும் அணைத்துப் போட வேண்டியிருந்தால் அது தலைவலி மாத்திரை. நோய் அப்படியே இருக்கிறது. அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பிங் பாருங்கள். அணைத்துவிட்டால் தடயமும் போய்விடும்.

நம்பிக்கை 9: எல்லாம் பார்த்தாயிற்று, இனிப் புது லேப்டாப்தான்.

உண்மை: வீட்டில் மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடி, லேப்டாப் மட்டும் அறுபடுகிறது என்றாலும் அவசரம் வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுங்கள். அந்தப் பக்கம் எல்லா லேப்டாப்பிலும் இருக்காது. அடுத்து, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரை எடுத்துப் போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால் பழைய டிரைவருக்கே திரும்புங்கள்.

திரையை ஆட்டும்போது சிக்னல் ஏறி இறங்குகிறதா? பல லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஓயர் கீல் வழியாகப் போகிறது. கீல் உடைந்த லேப்டாப்பில் அந்த ஓயர் நைந்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால், இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். புது லேப்டாப்பின் விலையில் அது ஒரு சிறு துளி.

எங்கள் வீட்டில் பிளானுக்கும் ரவுட்டருக்கும் போட்ட பணம் போட்டதுதான். கோளாறைக் காட்டிக்கொடுத்தவை, காலணா செலவில்லாத இரண்டு பிங்குகள். அடுத்த முறை உங்கள் வீட்டில் இணைப்பு அறுந்தால், போனை எடுக்கும் முன், பர்ஸை எடுக்கும் முன், அந்த இரண்டையும் ஓடவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். மணி என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.