பழைய சூசபோனை இனங்கண்டு இசைக்குரியதாக்கல்

பாண்டு வாத்தியக் குழுவிலே, ஊதுவோனின் உடலைச் சுற்றி வளைந்து, தலைக்கு மேலே அகன்ற வாயுடன் விளங்கும் பெரும் பித்தளைக் கருவியே சூசபோன் ஆகும். அமெரிக்க வாத்தியக் குழுத் தலைவர் யோன் பிலிப் சூசாவின் பெயரால் இது வழங்குகின்றது. ஒலி ஒரு திசையிற் பாயாது குழு முழுவதன்மேலும் பரவவேண்டும் என்பது அவர் கருத்து. 1890களில் பிலதெல்பியா நகரப் பெப்பர் நிறுவனம் இத்தகைய கருவியை அமைத்தது. 1898இல் கொன் நிறுவனமும் சூசாவின் குழுவுக்கென ஒன்று செய்தது.

பழைய கருவி கைக்கு வந்ததும் துலக்கத் தொடங்குதல் பலரது இயல்பு. அது தகாது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோற் சாம்பலும் புளியும் இட்டுத் தேய்ப்பின், வெள்ளி முலாமும், கருவியின் வரலாற்றைக் கூறும் செதுக்கெழுத்தும் ஒருங்கே தேய்ந்தழியும். ஆதலின் ஆராய்ச்சியே முதற்படி.

இனங்காணல்

தொடக்ககாலக் கருவிகளின் வாய் வானோக்கி நிற்கும். முன்னோக்கிய வாய் 1908ஆம் ஆண்டளவிலேயே தோன்றியது. நாதசுரத்தின் அணசுபோல இவ்வாயும் கழற்றத்தக்கது. எனவே பிறிதொரு கருவியின் வாய் இதிற் பொருத்தப்பட்டிருத்தலுங் கூடும். அதிலுள்ள பெயரை மட்டும் நம்பாது, வால்வுக் கூட்டிற் பொறித்த தொடரெண்ணை நோக்குக. செய்தோரின் எண் வரிசையோடு அதனை ஒப்பிட்டால் ஆண்டு புலப்படும்.

அடுத்தது சுருதி. வால்வுகளின் கிளைக்குழாய்களை விடுத்து, தலைக்குழாய் முதல் வாய்விளிம்புவரை நூலால் அளக்க. ஏறத்தாழ 18 அடியாயின் பி பிளாற் கருவி. 13 அடியாயின் ஈ பிளாற் கருவி. கழுத்துக் குழாயும் அதனோடு சேரும் சிறு வளைகுழாய்களும் காணாமற்போயிருப்பின் அளவு குறையும். சில பழைய கருவிகள் இன்றைய 440 அதிர்வுச் சுருதியினும் உயர்ந்த சுருதிக்கெனச் செய்யப்பட்டவை. அவற்றைச் செப்பனிட்டாலும் ஏனைய வாத்தியங்களோடு இசைவித்தல் அரிது. பொருட்செலவுக்கு முன் இதனை அறிதல் இன்றியமையாதது.

செப்பனிடல்

இறுகிய இழுகுழாய்களைக் குறட்டாற் பிடித்து முறுக்கலாகாது. ஊடுருவும் எண்ணெயைப் பொருத்துவாயில் இட்டுச் சில நாள் விடுக. பின்பு மரச் சுத்தியால் மெல்லத் தட்டுக. வால்வுகளை வெளியெடுக்கும்போது 1, 2, 3 என்னும் எண்களைக் குறித்துக்கொள்க. ஒன்று மற்றொன்றின் கூட்டிற் பொருந்தாது. உட்புறத்தை இளஞ்சூட்டு நீராலும் மென்சவர்க்காரத்தாலும் கழுவுக.

இனி வால்வுகளுக்கு எண்ணெயிட்டு, அவற்றை அழுத்தாமலே கிளைக்குழாயை விரைந்து இழுக்குக. 'பொப்' என்ற ஓசை எழுந்தால் வால்வு காற்றைக் காக்கின்றது எனலாம். ஓசையின்றி வருமாயின், வால்வோ குழாய்ப் பொருத்தோ தேய்ந்துளது. இத்தேய்வே பெருங்குறை, அதனை நீக்குதல் தேர்ந்த கம்மியரின் வேலை. நீர் வடிக்கும் திறப்பின் தக்கை, வால்வின் கம்பளித்துண்டு, வில் ஆகியவற்றை நாமே மாற்றலாம்.

பித்தளையிற் செந்நிறப் புள்ளிகள் தோன்றின், நாகம் அரித்துச் செம்பு எஞ்சியுள்ளது என அறிக. அவ்விடத்தில் ஒடுக்கெடுக்க முயன்றால் குழாய் வெடிக்கும். வாயிலுள்ள சிறு ஒடுக்குகளோ ஓசையை அதிகம் கெடுப்பதில்லை, அவற்றை விட்டுவிடலாம்.

தோற்றங் கெட்டதென்று நல்ல வால்வுகளையுடைய கருவியைப் பழம் பித்தளையாக நிறுத்து விற்றலும், மினுக்கங் கண்டு காற்றொழுகும் கருவியை வாங்குதலும் ஒரே அறியாமையின் இருபுறங்கள். ஒலிக்கு வேண்டியதை முன்னரும் ஒளிக்கு வேண்டியதைப் பின்னரும் செய்க.