சுகர் குறைந்தால் மனசு தானாகச் சரியாகிவிடுமா?

“சுகர் வந்தா மனசு சோர்ந்துதான் போகும். சுகரைக் குறைச்சுட்டா அதுவும் தானாச் சரியாயிடும்.”

சர்க்கரை நோய்ச் சிகிச்சையில் இருக்கிற எங்கள் காதில் இது விழாத வாரமே இல்லை. மகன் சொல்கிறார், மாமியார் சொல்கிறார், மருந்துக் கடைக்காரரும் சொல்கிறார். மருத்துவம் படித்தவர்களே சொல்லும்போதுதான் பொறுமை போய்விடுகிறது. கேட்க ஆறுதலாக இருக்கும் இந்தப் பேச்சு, சிகிச்சை கிடைத்திருக்க வேண்டிய எத்தனையோ பேரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

நோய் வந்திருக்கிறது என்று தெரிந்து சில நாள் கலங்குவது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் நாள் முழுக்க மனம் கனத்துக் கிடக்கிறது, பேரப்பிள்ளை வந்தாலும் எழுந்து உட்காரத் தோன்றவில்லை, தூக்கமும் பசியும் நிலை மாறிவிட்டன என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுவது உண்மை. அதனாலேயே விட்டுவிடலாம் என்பது என்ன நியாயம்? சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண் வருவதும் சகஜம்தான். சுகர் குறைந்தால் புண் ஆறிவிடும் என்று கட்டுப் போடாமல் அனுப்புவோமா?

அடுத்து, சுகரை யார் குறைப்பது? காலையில் எழுந்து நடப்பதும், பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவதும், வேளை தவறாமல் மாத்திரை போடுவதும், மாதாமாதம் வரிசையில் நின்று மருந்து வாங்குவதும் நோயாளிதான். இவற்றைச் செய்யும் தெம்பைத்தான் மனச்சோர்வு முதலில் பறிக்கிறது. அந்தத் தெம்பு இல்லாதவரிடம் போய் ‘முதலில் சுகரைக் குறைத்துவிட்டு வாருங்கள்’ என்பது இரக்கமற்ற பேச்சு. உடலுக்குள்ளும் ஒரு கணக்கு ஓடுகிறது. நீடித்த மன அழுத்தத்தில் கார்ட்டிசால் சுரப்பு கூடினால் ரத்தச் சர்க்கரையும் ஏறும். மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் பல நாடுகளில் பார்க்கப்பட்ட ஒன்று. பாதை இரண்டு பக்கமும் போகிறது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம்.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒரு கண்ணி இருக்கிறது. சுகர் 300 என்று சீட்டில் வருகிறது. மருத்துவர் மருந்தின் அளவை ஏற்றுகிறார். அடுத்த மாதமும் 300, மறுபடி ஏற்றுகிறார். மாத்திரை டப்பாவை அந்த மனிதர் திறக்கவே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு நாள் மகள் வீட்டுக்குப் போகிறார். மகள் சீட்டில் உள்ளபடி வேளா வேளைக்கு எடுத்துக் கொடுக்கிறாள். சுகர் ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுகிறார். ‘மாத்திரை போடுகிறீர்களா’ என்பதோடு ‘போட மனசு வருகிறதா’ என்றும் கேட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

சான்று வேண்டுமா? வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய ஊர்களில் நான்கு சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் நடந்த ‘இன்டிபென்டன்ட்’ ஆய்வு 2020-இல் ஜாமா இதழில் வெளிவந்தது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளைக்கும் அதில் பங்குண்டு. மனச்சோர்வும் கட்டுக்குள் வராத சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கொழுப்போ உள்ளவர்கள் 404 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்குக் கூடுதலாக ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். இவர் மருத்துவர் அல்ல, பயிற்சி பெற்ற ஊழியர். நோயாளியைத் தொடர்ந்து சந்திப்பார், மனநிலையையும் சுகரையும் சேர்த்தே குறித்துக்கொள்வார். மனநல மருத்துவரும் சர்க்கரை நோய் நிபுணரும் அந்தக் குறிப்புகளை அவரோடு உட்கார்ந்து பார்த்து, மருந்தை மாற்றச் சொல்வார்கள். மருந்து எழுதுவது நோயாளியின் வழக்கமான மருத்துவரே. இந்த ஏற்பாடு ஓராண்டு நடந்தது. அது முடிந்து இன்னும் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மனச்சோர்வு அறிகுறிகள் பாதியாகக் குறைந்ததோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றில் ஒன்றாவது முன்னேறியிருந்தவர்கள் இந்தப் பிரிவில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம். மனசையும் சுகரையும் சேர்த்துப் பார்த்ததற்குக் கிடைத்த பலன் இது. இதற்குப் பிறகும் ‘தானாகச் சரியாகும்’ என்பவர்களிடம் எனக்கு வேறு பேச்சில்லை.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

மனச்சோர்வு மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம் என்கிறார்கள். பழக்கமாகிவிடும் ஆபத்து அல்பிரசோலம், டயசிபாம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரைகளுக்கு உண்டு. அவற்றைச் சீட்டில்லாமல் விற்பவர்களைத்தான் கண்டிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள ஃபுளூவாக்ஸெடின் அந்த ரகம் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

மனநல மருந்தெல்லாம் சுகரை ஏற்றும் என்பது இன்னொன்று. ஒலான்சபின் ஏற்றும், அது முதன்மையாக வேறு நோய்களுக்குத் தருவது. அமிட்ரிப்டிலின் எடையைக் கூட்டலாம். மருந்துக்கு மருந்து வேறுபடும், மொத்தமாக ஒதுக்குவது தவறு.

மனநல மருத்துவர் இல்லாத ஊரில் ஒன்றும் நடக்காது என்பார்கள். நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பது மெய்தான். ஆனால் கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மருத்துவப் படிப்பே இல்லாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வு பேசிக் கொடுத்த சிகிச்சையில், மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் மீண்டார்கள். அது கிடைக்காதவர்களில் மீண்டவர்கள் 39 சதவீதம். 2017-இல் லான்செட்டில் வந்த ஆய்வு.

தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள், தயவுசெய்து கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. இருப்பவருக்குச் சொல்ல ஒரு வழி திறக்கும். வீட்டில் இன்சுலின் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது.

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. வாசல் வரை போகிறவர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வரலாம்: மனசு கனமாக இருக்கிறதா, எதிலும் நாட்டம் குறைந்துவிட்டதா? ஆமென்றால் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவத்தைச் சுகாதார நிலையச் செவிலியர் நிரப்பட்டும். களைப்பும் தூக்கக் கேடும் சுகராலும் வேறு உடல் கோளாறுகளாலும் வரும் என்பதால் தைராய்டு, ரத்தசோகை, நாள்பட மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடலாம்.

அந்தச் செவிலியரைப் பற்றித்தான் எனக்கு இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தத் திட்டம் வந்தாலும் அவர் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றுகிறோம். வரிசையில் நிற்பவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே ஒருவரிடம் ‘சாகணும்போல இருக்கா’ என்று கேட்க முடியுமா? கதவு சாத்தும் ஓர் அறை வேண்டும். ஒரு நோயாளிக்குக் கால் மணி நேரம் வேண்டும். மாதம் ஒருமுறையாவது மாவட்ட மனநல மருத்துவர் அவரோடு போனில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்க்க வேண்டும். நோயாளி மனம் திறப்பது பழகிய முகத்திடம்தான். ஆகவே அவரை ஒப்பந்தக் கூலியில் அலைக்கழிக்காமல் நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். புதிய கட்டடங்களுக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் முதலில் இந்தப் பணியிடங்களை நிரப்பட்டும்.