பாதிக் கடனில் வரும் அலுப்பு

ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்பவரிடம் கடன் எவ்வளவு என்று கேட்டால் தொகை வராது, பட்டியல் வரும். செவ்வாய்க்கிழமை குழு லோன், ஐந்தாம் தேதி பைக் டியூ, கடைத்தெருவில் தண்டல், கூட்டுறவு வங்கியில் இரண்டு பவுன், அடகுக்கடையில் ஒரு ஜோடித் தோடு, அண்ணியிடம் வாங்கிய கைமாற்று. வாலாஜா, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று எங்கே போனாலும் பட்டியல் பெரிதாக மாறாது. முதல் சில மாதங்கள் வேகமாகக் கட்டுவார்கள். பாதி தாண்டும் நேரத்தில் ஒருநாள், “என்னத்தைக் கட்டி என்ன ஆகப்போகுது” என்று உட்கார்ந்துவிடுவார்கள். இந்த அலுப்பைப் பற்றி ஊரில் பேசப்படுவதில் பாதி தவறு.

நம்பிக்கை: மனஉறுதி இருக்கிறவன் அலுத்துப்போக மாட்டான்.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கடன் இல்லாதவர்கள். பக்கத்து மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கரும்புக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். அதனால் அறுவடைக்கு முன் முடை, பின் தாராளம். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னர் அது 4 ஆகக் குறைந்தது. அதே ஆள், அதே மூளை. ஆனால் யோசித்துக் கண்டுபிடிக்கும் சோதனையிலும், கவனம் சிதறாமல் இருக்கும் சோதனையிலும் அறுவடைக்கு முன்னால் மதிப்பெண் குறைவாகவே வந்தது. 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இது. பணமுடை மனசுக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில்தான் மற்றதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை டியூவை நினைத்துக்கொண்டே தையல் மெஷினில் உட்காரும் பெண்ணிடம் போய் மனசைத் திடப்படுத்திக்கொள் என்று அறிவுரை சொல்வதில் பயன் எதுவும் இல்லை. அந்த நினைப்பை எப்படிக் குறைப்பது என்று பார்ப்பதுதான் வேலை.

நம்பிக்கை: எந்தக் கடனை முதலில் அடைத்தாலும் ஒன்றுதான், மொத்தம் குறைந்தால் சரி.

மொத்தம் குறைவதை மனசு கவனிப்பதில்லை. கணக்கு ஒன்று முடிவதைத்தான் கவனிக்கிறது. சிங்கப்பூரில் வருமானம் குறைந்த 196 பேரின் பழைய கடன்களை ஒரு தொண்டு நிறுவனம் அடைத்துக் கொடுத்தது. அவர்களைக் கியான் ஓங், வால்டர் தெசேரா, ஐரின் இங் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2019-ல் எழுதினார்கள். ஒரே அளவு தொகை அடைக்கப்பட்டவர்களிலும், யாருக்கு அதிகக் கணக்குகள் முடிந்தனவோ அவர்களுக்கே பதற்றம் கூடுதலாகக் குறைந்தது, கவனமும் கூடியது. ஒவ்வொரு கடன்காரரும் தனித்தனியாக ஒரு நினைப்பு. ஒருவர் பட்டியலிலிருந்து போனால் ஒரு நினைப்பு போகிறது. சிறிய கடனை முதலில் முடி, தெம்பு வரும் என்று அமெரிக்காவில் சொல்லப்படும் யோசனைக்குப் பின்னால் இருப்பதும் இதுதான்.

ஆனால் அந்த யோசனையை அப்படியே வாலாஜாவுக்குக் கொண்டுவர நான் ஒப்பமாட்டேன். அங்கே கிரெடிட் கார்டுகளுக்குள் வட்டி வித்தியாசம் இங்கே இருக்கும் அளவுக்கு இருக்காது. இங்கே வங்கி நகைக்கடன் ஆண்டுக்குப் பத்து சதவீத அளவில் இருக்கும்; ‘மூணு வட்டி’ என்றால் ஆண்டுக்கு 36, ‘அஞ்சு வட்டி’ என்றால் 60. அண்ணியின் கைமாற்றுக்கு வட்டியே கிடையாது. தெம்பு வேண்டும் என்று அண்ணிக்கு முதலில் கொடுத்துவிட்டு அஞ்சு வட்டியை ஓடவிட்டால், ஆறு மாதத்தில் அந்தத் தெம்பும் போய்விடும். என் கணக்கு இப்படி: தண்டலும் அஞ்சு வட்டியும் எவ்வளவு பெரிதானாலும் முதலில். அதற்குக் கீழே, வட்டி கிட்டத்தட்ட ஒரே அளவில் உள்ளவற்றில் மட்டும், சிறியதை முதலில் முடிக்கலாம். அண்ணியிடம் தேதி சொல்லிவிட வேண்டும். பணத்தைவிடத் தேதி சொல்லாததுதான் உறவைக் கெடுக்கிறது.

தண்டலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது சின்னது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500-ஐப் பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “பதினைஞ்சு பர்சென்ட்தானே” என்பார்கள். முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம் என்பதை மறந்துவிட்டுப் போடும் கணக்கு அது. 100 நாளும் 8,500 உங்கள் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டுகிறது, அஞ்சு வட்டியைப்போல் இரண்டு மடங்கு. ஒன்று முடிந்த கையோடு அடுத்ததை எடுப்பவர்கள் ஓராண்டு முழுக்கக் கட்டியும் நின்ற இடத்திலேயே நிற்பதற்கு இதுதான் காரணம். அது போதாதென்று சோம்பேறி என்ற பெயர் வேறு.

நம்பிக்கை: கடன் வாங்கிக் கடன் அடைக்கக் கூடாது.

அதே வட்டிக்கு வாங்கி அடைத்தால் கூடாதுதான். ஆனால் பீரோவில் நகையை வைத்துக்கொண்டு வெளியே 50,000-க்கு அஞ்சு வட்டி கட்டினால் மாதம் 2,500 போகிறது. அதே நகையைப் பத்து சதவீதத்தில் வங்கியில் வைத்தால் 417. கௌரவத்துக்காக மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் கட்டுகிறோம்.

நம்பிக்கை: கடன் தீரும்வரை கையில் ஒரு ரூபாய்கூட வைத்துக்கொள்ளக் கூடாது.

அரசாங்கச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். தோல் பட்டறைக்கும் ஷூ கம்பெனிக்கும் பொருந்தாது. இந்த ஊரின் சம்பளம் எங்கோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒருவர் செருப்பு வாங்குவதைப் பொறுத்தது. 2020 ஊரடங்கில் எல்லாம் நின்றது. ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழிவிட்டது, ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஓவர்டைம் நின்றால் டியூ தவறும். டியூ தவறினால் தண்டலுக்கு ஓட வேண்டும். அப்படி ஓடும் நாளில்தான் பலருக்கு மனசு விட்டுப்போகிறது. ஒரு மாதத் தவணை அளவு பணத்தைத் தனியே வைத்துவிட்டு மிச்சத்தை அடைப்பது வட்டிக் கணக்கில் சிறு நஷ்டம்தான். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

நம்பிக்கை: கடன்பட்டவன் வாயைத் திறக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கெட்டது இது. ராணிப்பேட்டை வேலூர் மாவட்டத்தில் இருந்த காலம், 2019 ஜூலை. இந்தப் பகுதியிலும் காஞ்சிபுரத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 கொத்தடிமைகளை ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் சார் ஆட்சியர்கள் மீட்டார்கள். அவர்கள் வாங்கியிருந்ததெல்லாம் சில ஆயிரங்கள். வாங்கிவிட்டோம், கேட்க முடியாது என்று ஆண்டுக்கணக்கில் மரம் வெட்டினார்கள். 1976-ம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட கடன் செல்லவே செல்லாது. அது கடைக்கோடி என்பது உண்மைதான். ஆனால் குழுக் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் தலைகுனிந்து நிற்கும் பெண்ணையும் வாய் திறக்கவிடாமல் செய்வது அதே எண்ணம்தான்.

கேட்கலாம். மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தமிழ்நாடு அரசின் 2003-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குழு லோனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, தகாத வார்த்தை கூடாது. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி குழு லோன் கொடுக்கவே கூடாது. கட்டியதெல்லாம் பதிந்த கடன் அட்டை, உங்களுக்குப் புரியும் மொழியில், உங்கள் கையில் இருக்க வேண்டும்.

குழு லோனை முன்கூட்டி முடித்தால் அபராதம் கிடையாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்தில், துணிக்கடைக்குப் போகும் முன், அட்டையை எடுத்துப் போய் மீதி அசல் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கலெக்‌ஷன்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னால் கிளைக்கே போய்க் கேளுங்கள்.