புது டிராக் சா வாங்கிய தம்பிக்கு: வேலைக்கு முன் பன்னிரண்டு அறிவுரைகள்

இன்டீரியர் வேலைக்கு வரும் இளைஞர்கள் பலர் இன்று சொந்தக் காசில் நல்ல மெஷின் வாங்குகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. எட்டுக்கு நாலு ஷீட்டின் மேல் ஒரு ரீப்பரைப் பிடித்துக்கொண்டு, நான்கு அங்குல மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி அறுத்த தலைமுறை எங்களுடையது. அந்தக் கட்டர் கல்லுக்காகச் செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் சுற்றும். மரம் அறுக்க வேண்டிய காப்பு எதுவும் அதில் கிடையாது. அதனால் விரல் இழந்தவர்கள் நம் தொழிலில் இருக்கிறார்கள்.

டிராக் சா அப்படிப்பட்டதல்ல. பிளேடு கூட்டுக்குள் மறைந்திருக்கும். லாக்கை விடுவித்து அமுக்கினால்தான் கீழே இறங்கும். அலுமினிய ரயிலைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடும். ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே வாடிக்கையாளரின் வெனீர் ஷீட்டில் அதை வைப்பவர்களைப் பார்க்கிறேன். அது தவறு. மோட்டாரின் பலம் பெட்டியோடு வரும். துல்லியம் அப்படி வராது. நீ சோதித்துத்தான் அதை வரவழைக்க வேண்டும். ஒரு நாளையும் ஒரு கழிவு ஷீட்டையும் அதற்கென்று ஒதுக்கு.

1. வாட்ஸை மட்டும் பார்த்து வாங்காதே.
ஃபெஸ்டூல் டிஎஸ் 55 மெஷின் 1,200 வாட்ஸ், மகிட்டா எஸ்பி 6000 மெஷின் 1,300, பாஷ் ஜிகேடி 55 மெஷின் 1,400. மூன்றும் ஏறக்குறைய 55 மி.மீ. ஆழம் அறுக்கும். 18 மி.மீ. பிளைவுட்டுக்கும் 32 மி.மீ. பிளஷ் டோருக்கும் இது தாராளம். கதவு நிலைக்கான கனத்த சட்டம்தான் உன் தினசரி வேலை என்றால் 75 மி.மீ. ஆழம் போகும் பெரிய மெஷினைப் பார். வார்ட்ரோபும் கிச்சனும் செய்பவனுக்கு அந்த எடை வீண் சுமை.

2. முதலில் கரண்டைச் சோதி.
1,400 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். லோடு ஏறினால் இன்னும் கூடும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் சூடாகும். 16 ஆம்பியர் பவர் பாயிண்டில் மாட்டு. எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மி.மீ. இருக்கட்டும். சுருளாகக் கிடக்கும் வயரை முழுக்க விரித்துவிட்டு வேலையை ஆரம்பி. மெல்லிய நீள வயரில் வோல்டேஜ் விழும், மெஷின் திணறும், நீ பிளேடைத் திட்டுவாய். சைட்டில் தற்காலிக இணைப்பு என்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேட்காமல் சுவிட்ச் போடாதே.

3. ரப்பர் விளிம்பை உன் மெஷினாலேயே அறு.
புது ரயிலின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரயிலைக் கழிவுப் பலகை மேல் கிளாம்ப் போட்டு, முழு வேகத்தில், நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக அதை அறு. அதற்குப் பிறகு அந்த ரப்பர் முனைதான் பிளேடு போகும் கோடு. பென்சில் கோட்டின் மேல் ரப்பரை வைத்தால் போதும், கழித்துக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் அது உன் மெஷினுக்கும் அந்தப் பிளேடுக்கும் மட்டும் பொருந்தும் கோடு. நண்பனின் மெஷினை அதே ரயிலில் ஓட்டாதே. வேறு பிளேடு மாட்டினால் கழிவில் ஒருமுறை சரிபார்.

4. ஆட்டத்தை எடுத்துவிடு.
மெஷினை ரயிலில் வைத்து இடம் வலமாக அசைத்துப் பார். இம்மியளவு ஆட்டம் இருந்தாலும் அறுப்பில் அலை விழும். அடித்தட்டில் இதற்கென்றே இரண்டு திருகிகள் இருக்கும். ஆட்டம் போகும் வரை இறுக்கு; ஆனால் ஒரு விரலால் தள்ளினால் மெஷின் நகர வேண்டும். ஆட்டமும் இல்லாமல், இறுகிப் பிடிக்காமலும் இருக்கும் நிலைதான் சரி.

5. ரயில் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்.
ஒரு ரயில் பெரும்பாலும் 1.4 அல்லது 1.6 மீட்டர். எட்டடி ஷீட்டை நீளவாக்கில் அறுக்க இரண்டை இணைக்க வேண்டும். கோணல் வருவது அந்த இணைப்பில்தான். இணைத்த ரயிலால் இரண்டு நீளத் துண்டுகளைத் தனித்தனியாக அறு. இரண்டுமே ரயிலுக்கு அடியில் இருந்த துண்டுகளாக இருக்கட்டும். ஒன்றைத் திருப்பி, அறுத்த விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் விளிம்பு உள்வாங்கியிருக்கிறது. இரு முனையிலும் தெரிந்தால் நடுவில் புடைத்திருக்கிறது. தெரியும் இடைவெளி உண்மையான தவறைப் போல இரண்டு மடங்கு. இணைப்பைத் தளர்த்தி, நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை ஓரமாகப் பொருத்திவைத்து மறுபடி இறுக்கு. மறுபடி அறு. வெளிச்சம் மறையும் வரை விடாதே.

6. 90 டிகிரி என்று ஸ்கேல் சொன்னால் நம்பாதே.
40 மி.மீ. கனமுள்ள ஒரு மரத்துண்டைக் குறுக்கே அறு. ஒரு பாதியை மட்டும் மேல்கீழாகக் கவிழ்த்து, சமமான தளத்தில் அறுத்த முகங்களைச் சேர்த்து வை. இடைவெளி இல்லாமல் ஒட்டினால் பிளேடு நிமிர்ந்து நிற்கிறது. அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் அங்கே 0.7 மி.மீ. சந்து தெரியும். ஸ்டாப் திருகியைக் கொஞ்சமாகத் திருகி மீண்டும் பார். வார்ட்ரோப் பாக்ஸின் மூலைகள் வாய் திறந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த அரை டிகிரிதான் காரணம்.

7. ஆழத்தைத் தேவைக்கு மேல் வைக்காதே.
பிளேடு ஷீட்டுக்குக் கீழே 2 அல்லது 3 மி.மீ. எட்டிப் பார்த்தால் போதும். ரயிலின் கனம் ஏறக்குறைய 5 மி.மீ. என்பதை மறக்காதே. ஆகவே 18 மி.மீ. ஷீட்டுக்கு 25, 26 மி.மீ. வரும். சில மெஷின்களின் ஸ்கேல் ரயிலைச் சேர்த்தே காட்டும், சிலவற்றில் நீதான் கூட்ட வேண்டும். கழிவில் ஒருமுறை இறக்கி, ஸ்கேல் வைத்து அளந்து தெரிந்துகொள். ஷீட்டுக்கு அடியில் இரண்டங்குல தெர்மாகோலைத் தரையோடு விரித்துவிட்டால் அறுபடும் இரண்டு துண்டுகளும் தொங்காமல் படுத்திருக்கும்.

8. ரயில் நேர்க்கோடு தரும், மூலைமட்டம் தராது.
கம்பெனி விளிம்பு சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. 2440 x 1220 மி.மீ. ஷீட்டின் இரண்டு மூலைவிட்டங்களையும் அள. இரண்டும் 2728 மி.மீ.யை ஒட்டிச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் ஒரு ஓரத்தை அறுத்து நேராக்கி, அதிலிருந்து 600, 800, 1000 கணக்கில் மட்டம் பிடி. பிளேடு தின்னும் கனத்தையும் கணக்கில் எடு. 2.2 மி.மீ. பிளேடால் 1220-ஐ நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 305 வராது, 303 சொச்சம்தான் வரும். உனக்கு வேண்டிய துண்டு எப்போதும் ரயிலுக்கு அடியில் இருக்கட்டும்.

9. மைக்காவையும் வெனீரையும் இரண்டு ஓட்டத்தில் அறு.
பிளேடின் பல் கீழிருந்து மேலே ஏறுவதால் சிராய் மேல்முகத்தில்தான் பெயரும். ரப்பர் விளிம்பு ஒரு பக்கத்தை அழுத்திப் பிடிக்கும். அதோடு, முதல் ஓட்டத்தில் 2 மி.மீ. மட்டும் கீறிவிட்டு, இரண்டாம் ஓட்டத்தில் முழுதாக அறுத்தால் விளிம்பு சுத்தமாக வரும். இதற்கு 48 பல் பிளேடு. ஐ.எஸ். 710 மரைன் பிளையில் இருக்கும் பசை கடினமானது. பல்லைச் சீக்கிரம் மழுங்க வைக்கும். அக்ரிலிக் என்றால் வேகத்தைக் குறை. இல்லையேல் உருகி ஒட்டிக்கொள்ளும்.

10. பலத்தைத் தேக்கில் சோதி, காதால் கேள்.
பிளைவுட் எந்த மெஷினிலும் அறுபடும். 40 மி.மீ. தேக்கையோ வேங்கையையோ நீளவாக்கில் கிழித்துப் பார். அதற்கு 48 பல் ஆகாது. 12 முதல் 24 பல் உள்ள பிளேடு மாட்டு. சீராகத் தள்ளும்போது மோட்டாரின் சத்தம் ஒரே சுருதியில் இருந்தால் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வேலை செய்கிறது. சத்தம் இறங்கினால் கையைத் தளர்த்து, பலத்தால் தள்ளாதே. பிறகு அறுத்த முகத்தைப் பார். இரு பக்கமும் கருகியிருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது அல்லது நீ மிக மெதுவாகப் போயிருக்கிறாய். ஒரு பக்கம் மட்டும் கருகி, வளைந்த கோடுகள் விழுந்திருந்தால் பிளேடு ரயிலுக்கு இணையாக இல்லை. கையேட்டைப் பார்த்துச் சரிசெய். தெரியாவிட்டால் சர்வீஸுக்குக் கொடு.

11. மெஷின் ஏன் எகிறுகிறது என்று தெரிந்துகொள்.
165 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5,200 சுற்று சுற்றும்போது பல்லின் நுனி மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் போகிறது. அறுத்த சந்து பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால், அந்த வேகம் முழுவதும் மெஷினை மேலே தூக்கி உன் பக்கம் எறியும். சந்து மூடாமல் தடுக்கப் பிளேடுக்குப் பின்னால் மெல்லிய தகடு உள்ள மெஷின்கள் உண்டு, அதைக் கழற்றாதே. தகடு இல்லாத மெஷின் என்றால் சந்தில் ஒரு ஆப்பைச் செருகு. சிங்க்குக்காக ஷீட்டின் நடுவில் இறக்கும்போது மெஷினுக்குப் பின்னால் ரயிலில் ஸ்டாப் மாட்டு. மெஷினுக்கு நேர் பின்னால் நிற்காதே, பக்கவாட்டில் நில். பிளேடு முழுதாக நிற்கும் முன் மெஷினைத் தூக்காதே. பிளேடு மாற்றும்போது பிளக் சுவரில் இருக்கக் கூடாது. வயரும் வாக்கும் கிளீனர் ஹோஸும் ரயில் முனையில் சிக்காதபடி தோளுக்கு மேல் போட்டுக்கொள்.

12. உடம்பைக் காப்பாற்று.
லுங்கியும் தோளில் துண்டும் ரப்பர் செருப்பும் இந்த மெஷினுக்கு ஆகாது. சுற்றும் பிளேடருகே கையுறையும் வேண்டாம், அது விரலை இழுத்துவிடும். மெஷின் சத்தம் 90 டெசிபல் அளவில் இருக்கும், காதடைப்பான் போடு. கண்ணாடி போடு. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. எம்டிஎஃப் தூள் இன்னும் நுண்ணியது. வாக்கும் கிளீனர் மாட்டாமல் மூடிய அறைக்குள் அறுக்காதே, மாஸ்க்கைக் கழற்றாதே.

கடைசியாக ஒன்று. இந்தச் சோதனைகள் ஒரு நாளோடு முடிவதில்லை. ரயில் டூவீலரில் போகும், கீழே விழும், சுவரில் சாய்த்து வைத்த இடத்தில் வளையும். அதனால் படுக்கையாகவோ தொங்கவிட்டோ வை. பெரிய வேலை ஒன்றைத் தொடங்கும் முன் ஐந்தாவது, ஆறாவது சோதனைகளை மறுபடி செய். அரை மணி நேரம் போதும். வீணாகும் ஒரு வெனீர் ஷீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. நாளைக்கு உன்னிடம் ஒரு பையன் தொழில் கற்க வருவான். இந்தச் சோதனைகளை அவன் கையாலேயே செய்யவைத்துவிட்டு, அதன் பிறகு மெஷினை அவனிடம் கொடு.