வீட்டிலிருக்கும் பழங்காசுகள்

பழங்காசு என்றால் அது நூதனசாலையில் கண்ணாடிக்குள் இருப்பது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் எங்கள் வகுப்பில் விசாரித்தபோது, ஏழெட்டுப் பேரின் வீடுகளில் தகர டப்பாவிலோ அலுமாரி லாச்சியிலோ ஒரு பிடி பழைய காசு கிடப்பது தெரியவந்தது. எங்கள் வீட்டிலும் மூத்தவாப்பா சேர்த்துவைத்த நாற்பத்திரண்டு காசுகள் உண்டு. இரண்டு வருடங்களாக அவற்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதற்காக வாசித்தவற்றையும் பெரியவர்களிடம் கேட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

நமது நாட்டு வீடுகளில் அதிகம் காணக்கூடியது, ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு. ஒல்லாந்துக் கம்பெனியின் மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய முத்திரை அதில் இருக்கும். அதற்கு முந்தியது பொலன்னறுவைக் காலத்து ‘மஸ்ஸ’. ஒரு பக்கத்தில் நிற்கும் அரச உருவம், மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் அரசரின் பெயர். லீலாவதி என்ற அரசியும் தன் பெயரில் காசு வெளியிட்டாள். மூன்று முறை அரியணை ஏறியவள் அவள். யாழ்ப்பாண அரசின் காசுகளில் நந்தியும் ‘சேது’ என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது லாரின். இது வட்டக் காசு அல்ல. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, முத்திரை குத்திச் செய்தது. பாரசீகத்தின் லார் நகரத்தால் வந்த பெயர். வளைகுடாத் துறைமுகங்களில் இருந்து வணிகரோடு வந்து, இங்கே மீன்தூண்டில் போல வளைக்கப்பட்டுப் புழங்கியது. மாலைதீவில் இன்றும் சில்லறைக்கு லாரி என்றுதான் பெயர். பீஜப்பூர் சுல்தான் அலி ஆதில் ஷாவின் பெயரோடும் லாரின்கள் உண்டு. அரபெழுத்து வாசிக்கத் தெரிந்த நமக்கு, பூதக்கண்ணாடி ஒன்றிருந்தால் அதில் ஓர் எழுத்தையாவது கண்டுபிடிக்கலாம்.

எழுத்து அழியாமல் இருந்தால்தான் அது முடியும். எங்கள் உறவினர் ஒருவரின் வீட்டிலும் ஒரு லாரின் இருந்தது. கறுத்துப்போய்க் கிடக்கிறதே என்று நகைக் கடையொன்றில் கொடுத்து மெருகேற்றினார்கள். இப்போது அது மிக அழகாக மின்னுகிறது. யார் அடித்தது, எங்கே அடித்தது என்று சொல்லத்தான் இனி ஒருவராலும் முடியாது. ஏற்கெனவே தேய்ந்து மெலிந்திருந்த எழுத்துகள் மெருகோடு போய்விட்டன.

பெருநாள் வருகிறதென்றால் நம் வீடுகளில் வெற்றிலை வட்டாவையும் படிக்கத்தையும் புளியிட்டுத் துலக்குவார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு அது சரி. அதே கையோடு பழங்காசையும் துலக்குவதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெருந்தீங்கு. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் செம்பின் மேற்பரப்பைக் கரைத்துவிடும். சாம்பலும் பற்பசையும் தேய்த்தே எடுத்துவிடும். பழைய செம்பின் மேலுள்ள கபில நிறமோ கரும்பச்சை நிறமோ அழுக்கு அல்ல. பல நூறு வருடங்களில் உலோகம் தானே போட்டுக்கொண்ட தோல் அது. பல காசுகளில் எழுத்தின் விளிம்பு அந்தத் தோலில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். அதை எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

இதில் வேடிக்கையான ஒரு சங்கதி உண்டு. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் பத்தொன்பது வருடங்கள் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இந்தத் தூண்டில் வடிவக் காசைப் பற்றிச் சொல்கிறார். வெள்ளி நல்லதா என்று சந்தேகம் வந்தால் மக்கள் அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி நீரில் போடுவார்களாம். தூய வெண்மையாக வராவிட்டால் அது செல்லாக்காசு. அன்று அந்தக் காசைச் செலவழிக்க வேண்டியிருந்தது, அதனால் வெண்மை தேவைப்பட்டது. இன்று நாம் அதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாப் பச்சையும் நல்ல பச்சை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கடினமாக, வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் களிம்பு காசைக் காக்கும். வெளிர்பச்சை நிறத்தில் மாவு போலப் பொங்கி, தொட்டால் உதிர்வது நோய். செம்புக்குள் தங்கிய குளோரைட்டு, ஈரத்தோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மீண்டும் செம்பைத் தின்னும். இப்படியே அது சுற்றிக்கொண்டிருக்கும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் இருக்கும் நமக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். அத்தகைய காசைக் கண்டால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, தனியே உலர்வான பெட்டியில் வையுங்கள்.

உலர்வான பெட்டிக்குப் பெரிய செலவில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றும், சிலிக்கா ஜெல் பைகள் சிலவும் போதும். ஈரம் குடித்தால் நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மாற்றுவதென்று அதுவே காட்டிவிடும். பழைய காசுக்குப் பட்டுத்துணியும் வெல்வெட்டும் விரித்த மரப்பெட்டிதான் பொருத்தம் என்று எங்கள் உம்மா நினைத்திருந்தார். அழகுக்குப் பொருத்தம்தான். ஆனால் புதுப் பலகையும் பிளைவூட்டும் பசையும் அமில ஆவியை விடும். திஸ்ஸமகாராமைப் பக்கத்து அக்குறுகொடையில் கிடைத்தவை போன்ற ஈயக்காசுகளை அந்த ஆவி வெள்ளைத் தூளாக்கிவிடும். இறப்பர் நாடாவும் செய்தித்தாளும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

காசு உறைகளை வாங்கும்போதும் ஏமாறக்கூடாது. மெதுமெதுவென்று வளைந்து, புதிய மழைச்சட்டை போல மணக்கும் உறை பீ.வீ.சீ. வகை. சில வருடங்களில் அதிலிருந்து பசைபோன்ற பச்சைத் திரவம் கசிந்து காசில் ஒட்டும். மொரமொரப்பான மைலார் உறையோ, நடுவே மைலார் சாளரம் உள்ள அட்டை உறையோ நல்லது. உறையில் போடும்போது காசின் விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். கீழே துணி விரித்து, மேசைக்குக் கிட்டவாகப் பிடித்தால் கை நழுவினாலும் பயமில்லை.

உறையைவிட முக்கியமானது அதோடு இருக்கும் துண்டுக் கடதாசி என்பது என் கருத்து. மூத்தவாப்பா ஒவ்வொரு காசையும் ஒரு சிறு கடித உறையில் போட்டு, வாங்கிய ஊர், வருடம், விலை மூன்றையும் பென்சிலால் எழுதியிருந்தார். உரோமர்களின் சிறிய செப்புக்காசுகள் உலகில் ஏராளம். ஆனால் ஒன்று மாந்தையில் கிடைத்தது என்று உறுதியாகத் தெரிந்தால், அது நமது துறைமுகத்தின் சாட்சியாகிவிடுகிறது. ஊரை மறந்தால் சாட்சி ஊமை. இப்போது நான் ஒரு கொப்பியில் இலக்கமிட்டு உலோகம், நிறை, விட்டம், இருபக்கப் படங்கள், மூத்தவாப்பாவின் குறிப்பு எல்லாவற்றையும் பதிகிறேன். பழைய உறைகளையும் எறியவில்லை.

சட்டத்துக்கும் இந்தக் குறிப்பு உதவும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருட்கள். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ அப்படியொன்று வெளிப்பட்டால், காணி நம்முடையது என்பதற்காகக் காசு நம்முடையதாகாது. அது அரசுக்குரியது, அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. வெளிநாட்டில் உள்ள நானாமார் ஞாபகார்த்தமாகக் கேட்டாலும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

வீட்டுக்கு வருபவர்களுக்குக் காட்ட ஆசை இருக்கத்தான் செய்யும். சட்டகத்தில் பசையால் ஒட்டிச் சுவரில் மாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒட்டிய பக்கம் நிரந்தரமாக மறைந்துவிடும், பசையும் உலோகத்தை அரிக்கும். நாங்கள் காசின் இரு பக்கங்களையும் படமெடுத்துப் பெரிதாக அச்சிட்டுச் சட்டகமிட்டிருக்கிறோம். லீலாவதியின் பெயரை மூத்தம்மாகூடக் கண்ணாடி போடாமல் பார்க்கிறார். உண்மைக் காசுகளில் ஐந்தாறை மட்டும் உறையோடு ஒரு தட்டில் எடுத்துவைப்பேன். அடியில் சிறு முகக்கண்ணாடித் துண்டை வைத்தால், தொடாமலே மறுபக்கமும் தெரியும். வந்தவர்கள் போனதும் அவை உலர்பெட்டிக்குத் திரும்பிவிடும்.