ஏற்றுவதும் கொளுத்துவதும்

கேள்வி: ஆங்கிலத்தில் 'லைட்', 'இக்னைட்', 'செட் ஃபயர் டு' எல்லாமே தீ மூட்டுவதுதானே? எதை எங்கே சொல்வது?

பதில்: நாம் விளக்கை ஏற்றுகிறோம், அடுப்பைப் பற்றவைக்கிறோம், குப்பையைக் கொளுத்துகிறோம். இடம் மாறினால் காது உறுத்தும். ஆங்கிலமும் அப்படித்தான். மெழுகுவத்தி, அடுப்பு போல எரிவதற்கென்றே உள்ளவற்றுக்கு 'லைட்', இறந்தகாலம் 'லிட்'. 'ஷி லிட் எ கேண்டில்' என்றால் வெளிச்சம். 'ஷி செட் ஃபயர் டு த கர்ட்டன்' என்றால் விபரீதம். திரைச்சீலை தானே பற்றிக்கொண்டால் 'காட் ஃபயர்'. எஞ்சினுக்குள் எரிபொருள் பற்றுவது 'இக்னைட்'. வண்டியின் 'இக்னிஷன்' அதே வேரிலிருந்து வந்ததே. சுள்ளி வைத்து மெல்ல மூட்டுவது 'கிண்டில்'. ஆர்வத்தை மூட்டவும் அதே சொல்தான். வினையை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். எரியும் பொருளோடு சேர்த்தே படியுங்கள். மனதில் நிற்கும்.