வீட்டு நிக்காஹுக்கு நம் கையால் ஓர் உடை

தையல் பாடம்: குடும்ப விசேஷத்துக்கான நீள கமீஸ்



வீட்டில் நிக்காஹுக்குத் தேதி குறித்ததும் அடுத்த பேச்சு துணி எடுப்பதைப் பற்றித்தான். மணமகளின் உடையோடு அது நிற்பதில்லை. உம்மாவுக்கு ஒன்று, தங்கைகளுக்கு ஒன்று, வலீமாவுக்குத் தனியாக ஒன்று என்று பட்டியல் நீள்கிறது. ரெடிமேட் உடையில் கை குட்டையாக இருக்கும், கழுத்து இறங்கியிருக்கும், துணி மெல்லியதாக இருக்கும். அதை வாங்கி, பிறகு கை வைக்கவும் லைனிங் கொடுக்கவும் இரண்டாவது செலவு செய்கிறோம். சில வீடுகளில் இந்தத் துணிக் கணக்கே கடனாக நிற்கிறது. உடுத்துவதோ ஒரு நாள், இரண்டு நாள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றி ஸஹீஹ் புகாரியில் ஒரு செய்தி உண்டு. ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள முரட்டுத் துணியாலான சட்டை ஒன்றை அவர்கள் அணிந்திருந்தார்கள். தம் வீட்டுப் பணிப்பெண்ணே இதை வீட்டுக்குள் உடுத்த விரும்புவதில்லை என்றும், ஆனால் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இதேபோன்ற ஒரு சட்டை தம்மிடம் இருந்தது என்றும், மதீனாவில் அலங்கரிக்கப்படும் பெண்களெல்லாம் அதையே இரவல் கேட்டு ஆள் அனுப்புவார்கள் என்றும் சொன்னார்கள். ஒரே சட்டை பல பெண்களின் மகிழ்ச்சியான நாளுக்கு உதவியிருக்கிறது. விசேஷ உடை வேண்டும்தான். அது குடும்பத்தின் கழுத்தை நெரிக்கும் செலவாக இருக்க வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்து, நேராகத் தைக்கத் தெரிந்தால் போதும், விசேஷத்துக்கான கமீஸை நாமே தைத்துவிடலாம். தைப்பதில் தவறு நேர்ந்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. ஆகவே கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன் செய்யும் வேலைகளுக்கே இந்தப் பாடத்தில் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எதைத் தைக்கலாம், எதை விடலாம்

கனமான கல், ஜரி வேலை உள்ள மணமகள் உடையை முதல் முயற்சியாக எடுக்க வேண்டாம். அதை அனுபவமுள்ள தையல்காரரிடம் கொடுங்கள். உங்களுக்கோ தங்கைக்கோ உம்மாவுக்கோ தைப்பதிலிருந்து தொடங்குங்கள். வழுக்கும் சாட்டின், ஜார்ஜெட் வேண்டாம். பருத்தி, பருத்தி கலந்த பட்டு, ரேயான் போன்றவை மெஷினில் சொன்னபடி கேட்கும்.

நாள் கணக்கு

விசேஷத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதே தொடங்க வேண்டும். முதல் வாரம் அளவெடுப்பது, துணி வாங்குவது, நனைத்து உலர்த்துவது. இரண்டாம் வாரம் பழைய துணியில் மாதிரி. மூன்றாம் வாரம் வெட்டுவது. நான்காம், ஐந்தாம் வாரங்களில் தைப்பதும் ஓரம் முடிப்பதும். ஆறாம் வாரம் மெஷினை மூடிவிட வேண்டும். வீட்டுக்கு விருந்தாளிகள் வரும் நேரத்தில் அவசரமாகத் தைத்த உடையே பெரும்பாலும் கெட்டுப்போகும்.

முதல் வேலை: அளவு

மெல்லிய உடைமேல் அளவெடுங்கள். தனக்குத்தானே அளவெடுத்தால் டேப் சாயும். வீட்டுப் பெண் ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். தேவையான அளவுகள்: தோள் அகலம், மார்புச் சுற்றளவு, இடுப்புக்குக் கீழே உட்காரும் இடத்தின் சுற்றளவு, தோளிலிருந்து வேண்டிய நீளம், கை நீளம், மேல்கைச் சுற்றளவு, விரல்களைக் குவித்த நிலையில் உள்ளங்கைச் சுற்றளவு. கடைசி அளவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முழுக்கையின் முனை இந்த அளவைவிடக் குறைந்தால் கை நுழையாது.

இந்தப் பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு அளவு வைத்துக்கொள்வோம்: தோள் 14 அங்குலம், மார்பு 36, உட்காரும் இடம் 40, உடை நீளம் 46, கை நீளம் 22, மேல்கை 12. இதற்கு 44 அங்குலப் பன்னா துணி மூன்றேகால் மீட்டர் வேண்டும். முன், பின் பாகங்களுக்கு லைனிங் இரண்டரை மீட்டர். கைக்கும் லைனிங் தேவைப்பட்டால் அதுவும் மூன்றேகால் மீட்டர். பெரிய பூ டிசைன் என்றால் பூக்கள் தலைகீழாகாமல் எல்லாப் பாகங்களையும் ஒரே திசையில் வெட்ட வேண்டியிருக்கும். அதற்கு அரை மீட்டர் கூடுதலாக எடுங்கள்.

கடையிலேயே ஒரு சோதனை: துணியின் பின்னால் உங்கள் கையை வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். விரல்கள் தெரிந்தால் கைக்கும் லைனிங் வேண்டும்.

இரண்டாம் வேலை: நனைத்து உலர்த்துதல்

பருத்தியும் ரேயானும் முதல் சலவையில் சுருங்கும். அதனால் துணியையும் லைனிங்கையும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். லைனிங்கை மட்டும் நனைக்காமல் விட்டால் பின்னால் அது உள்ளே சுருங்கி மேல்துணியை இழுத்து, தையலெல்லாம் சுருக்கம் விழும். பட்டு, ஜரித் துணிகளை ஊறவைக்க வேண்டாம். மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் போதும்.

மூன்றாம் வேலை: பழைய துணியில் மாதிரி

பழைய படுக்கை விரிப்போ மலிவான காடா துணியோ போதும். துணியை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்பு உடலின் நடுப்பகுதி. ஒரு பாகத்தில் நீங்கள் வரைவது உடலின் நாலில் ஒரு பங்கு.

மார்பு 36, தளர்வுக்கு 4, ஆக 40. அதில் நாலில் ஒரு பங்கு 10. தையலுக்கு 1 சேர்த்தால் 11 அங்குலம். தோளுக்குப் பாதி 7, தையலுக்கு அரை, ஆக ஏழரை அங்குலம். தோள் முனையில் முக்கால் அங்குலம் சரிவு கொடுங்கள். மேல்கோட்டிலிருந்து எட்டரை அங்குலம் கீழே மார்புக்கோடு. அங்கே மடிப்பிலிருந்து 11 அங்குலத்தில் ஒரு புள்ளி. தோள் முனையிலிருந்து அந்தப் புள்ளிக்கு உள்வளைவாக வரைவது கைக்குழி. நீளத்துக்கு 46, தோள் தையலுக்கு அரை, கீழ் மடிப்புக்கு 2, ஆக நாற்பத்தெட்டரை. கீழ் ஓரத்தில் மடிப்பிலிருந்து 15 அங்குலத்தில் புள்ளி வைத்து, மார்புப் புள்ளியோடு நேர்கோட்டில் சேருங்கள். இந்தக் கோடு உட்காரும் இடத்தில் சுமார் பன்னிரண்டரை அங்குலத்தைத் தொடும். தைத்தபின் அங்கே சுற்றளவு 46 கிடைக்கும். 40 அங்குல உடலுக்கு 6 அங்குலம் தளர்வு. இடுப்பு வளைவும் டார்ட்டும் தேவையில்லை. உடல் வடிவம் ஒட்டித் தெரியாது, வெட்டுவதும் எளிது.

கழுத்து: அகலம் பாதிக்கு 3, முன்னால் ஆழம் 5, பின்னால் 2. பின்கழுத்தின் நடுவில் 5 அங்குலம் திறப்பு வைத்துப் பட்டன் வைத்தால் தலை எளிதாக நுழையும். கைக்குழந்தை உள்ள தாய்மாருக்குப் பின் திறப்புக்குப் பதிலாக முன்னால் மறைவு ஜிப் வைப்பது உதவியாக இருக்கும்.

கை: மேல்கை 12, தளர்வு 2, ஆக 14. மடித்த நிலையில் 7, தையலுக்கு முக்கால். மேலே வளைவின் உயரம் மூன்றரை அங்குலம். கையின் மேல்வளைவு கைக்குழியின் மொத்தச் சுற்றைவிட அரை முதல் ஒரு அங்குலம் நீளமாக இருக்கிறதா என்று டேப்பை நிறுத்திப் பிடித்து அளந்து பாருங்கள்.

மாதிரியைப் பெரிய தையலாகக் கையால் ஓட்டுப் போட்டு அணிந்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று பார்ப்பது போதாது. தக்பீர் கட்டுவதுபோல் கைகளை உயர்த்துங்கள். மணிக்கட்டுக்கு மேலே கை ஏறினால் ஒரு அங்குலம் நீளம் கூட்டுங்கள். ருகூஉ செய்யுங்கள். முன்கழுத்து தொங்கித் திறந்தால் ஆழத்தை ஒரு அங்குலம் குறையுங்கள். ஸஜ்தாவில் முதுகு இழுத்தால் மார்புத் தளர்வு 6 அங்குலம் வேண்டும். சஹன் சாப்பாட்டுக்கு உட்காருவதுபோல் தரையில் உட்கார்ந்து பாருங்கள். கால் மடக்கும்போது துணி இழுத்தால் கீழ் அகலம் போதவில்லை. ஒரு குழந்தையைத் தூக்கியும் பாருங்கள். திருத்தங்களை மாதிரியிலேயே சாக்பீஸால் குறித்து, தையலைப் பிரித்துவிட்டால் அதுவே உங்கள் பேட்டர்ன். அடுத்த பெருநாளுக்கும் அதையே வைத்து வெட்டலாம்.

இப்போது வெட்டலாம்

மாதிரியின் நடுக்கோடு துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்து வெட்டினால் உடை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு தொங்கும். முன், பின் பாகங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகவும், கைகள் இரண்டையும் பக்கம் பக்கமாகவும் வையுங்கள். பாகங்களின் ஓரத்தில் 14 அங்குல அகலத்தில் நீளமாகத் துணி மிஞ்சும். கழுத்துப் பட்டி அதில் வரும். மீதியில் சிறுமிக்கு ஒரு மேல்சட்டையோ கைப்பையோ தைக்கலாம்.

தைக்கும் வரிசை

1. மெஷினுக்கு எண்ணெய் விட்டிருந்தால் கழிவுத் துணியில் சிறிது நேரம் ஓட்டுங்கள். விசேஷத் துணியில் எண்ணெய்க் கறை விழாது. பருத்திக்கு 14ஆம் எண் ஊசி, மெல்லிய துணிக்கு 11. துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாக வந்தால் மேல்நூல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

2. லைனிங்கையும் மேல்துணியையும் சேர்த்து ஓட்டுப் போட்டு, ஒரே துணிபோல் வைத்துத் தையுங்கள். கீழ் மடிப்பு மட்டும் இரண்டுக்கும் தனித்தனி. லைனிங் ஒரு அங்குலம் குட்டையாக இருக்கட்டும்.

3. தோள்களை இணையுங்கள். கழுத்து வடிவிலேயே 2 அங்குல அகலத்தில் வெட்டிய பட்டியை, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துத் தையுங்கள். பின்கழுத்துத் திறப்பையும் அப்போதே முடித்துவிடுங்கள். வளைவில் தையலைத் தொடாமல் சிறு சிறு வெட்டுகள் கொடுத்து உள்ளே திருப்பி இஸ்திரி போடுங்கள். இந்த வெட்டுகள் இல்லாவிட்டால் கழுத்து படியாது.

4. பக்கங்களை மூடுவதற்கு முன்பே கைகளை இணையுங்கள். துணி தட்டையாக விரிந்திருக்கும்போது புதியவர்களுக்கு இது எளிது. பிறகு கை முனையிலிருந்து உடையின் கீழ் ஓரம்வரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். லைனிங்கின் கீழ்ப்பகுதியைத் தனியாக மடிக்க வேண்டும் என்பதால், கடைசி 4 அங்குலத்தில் மேல்துணியைத் தனியாகவும் லைனிங்கைத் தனியாகவும் தையுங்கள்.

5. கீழ் மடிப்பை அன்றே தைக்க வேண்டாம். உடையை ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். பக்கங்களில் சாய்வாக வெட்டிய துணி சற்று இறங்கும். அதன்பின் உடுத்திப் பார்த்து, ஓரத்தைச் சமப்படுத்தி மடித்தால் வெளிப்பக்கம் தொங்காது.

6. ஒவ்வொரு தையல் முடிந்ததும் இஸ்திரி போடுங்கள். வீட்டில் தைத்ததும் கடையில் தைத்ததும் வேறுபட்டுத் தெரிவது பெரும்பாலும் இதில்தான்.

7. பக்கங்களில் உள்ள ஒரு அங்குலத் தையல் இடத்தை வெட்டி எறியாதீர்கள். உடல் சற்றுப் பருத்தால் பிரித்துத் தளர்த்தலாம். வளரும் பெண் பிள்ளைக்கு ஒன்றரை அங்குலம் விடுங்கள்.

செலவுக் கணக்கு

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் ரெடிமேட் விலையும் அதற்குப் பின் வரும் திருத்தச் செலவும். மற்றதில் துணி, லைனிங், நூல், பட்டன், ஓவர்லாக் கூலி. சில நேரம் வித்தியாசம் பெரிதாக இருக்கும், சில நேரம் மிகச் சிறிதாக இருக்கும். ஆனால் நாம் தைத்த உடையில் கை நீளமும் கழுத்தும் துணியின் தரமும் நம் முடிவு. அலங்காரம் வேண்டுமானால் கை முனையிலும் கழுத்திலும் மட்டும் நல்ல லேஸ் வையுங்கள். பழைய பட்டுச் சேலையின் கரையும் இதற்கு அழகாக இருக்கும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நம் தெருவில் தையலை நம்பிக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் இருக்கிறார்கள். ஓவர்லாக், எம்பிராய்டரி, மணமகள் உடை போன்ற வேலைகளை அவர்களுக்குக் கொடுங்கள், பேரம் பேசிக் குறைக்காமல் கூலியை உடனே கொடுங்கள். தைக்கக் கற்றவருக்குத்தான் அவர்கள் உழைப்பின் அருமை தெரியும்.

விசேஷம் முடிந்த பின் உடையைத் துவைத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அதே அளவுள்ள உறவுக்காரப் பெண்ணுக்கு ஒரு நிக்காஹ் வந்தால் கேட்கும் முன்பே கொடுத்து உதவலாம்.

வீட்டுப் பயிற்சி

1. உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஏழு அளவுகளையும் எடுத்து எழுதுங்கள். மறுநாள் திரும்ப எடுத்து ஒப்பிடுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் மாறினால் மூன்றாம் முறை எடுங்கள்.

2. அவருடைய மார்பு அளவுக்கு 4 சேர்த்து, நாலால் வகுத்து, 1 கூட்டி, மார்புக்கோட்டு அளவைக் கண்டுபிடியுங்கள்.

3. பழைய விரிப்பில் மாதிரி வெட்டி, ஓட்டுப் போட்டு, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பாருங்கள்.

இந்த மூன்றையும் முடித்த பிறகு புதுத் துணியை மேசையில் விரியுங்கள். உங்கள் கைவேலையில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.